பழைய தேவாலயத்தை ஊரின் கலைக்கூடமாக்குதல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியின் சில பங்குகளில் இரண்டு கோயில்கள் நிற்கின்றன. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய புதியது ஒன்று. அதன் பக்கத்திலேயே, கூரை பாதி போய், சுவரில் சன்னம் பட்ட தடங்களோடு பழையது ஒன்று. பழையதற்குள் உடைந்த கதிரைகளும் திருநாள் கூட்டுத் தடிகளும் கிடக்கும். அதை இடிப்பதா, பூட்டி வைப்பதா, கூத்துப் பழகவும் பிள்ளைகள் பாட்டும் சித்திரமும் படிக்கவும் திறந்துவிடுவதா என்று யோசிக்கும் பங்குச் சபைகளுக்கும் ஊர் மன்றங்களுக்கும் இந்தப் பதில்கள்.

ஆயர் சம்மதித்தால் போதுமா? கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் என்ன சொல்கிறது?

திருச்சபைச் சட்டத்தின் 1222 ஆம் இலக்கம் இதற்கு இரண்டு வழி தருகிறது. கட்டடம் வழிபாட்டுக்கு எவ்வகையிலும் உதவாது, திருத்தவும் முடியாது என்றால், இழிவில்லாத உலகியல் பயன்பாட்டுக்கு ஆயர் அதை விடலாம். திருத்த முடியும், ஆனால் வேறு பாரதூரமான காரணம் உண்டு என்றால், ஆயர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கோயிலில் சட்டப்படி உரிமை கோரக்கூடியவர்களின் சம்மதமும் வேண்டும். மக்களின் ஆன்ம நலனுக்கும் கேடு வரக்கூடாது.

பல ஊர்களில் முயற்சி சறுக்குவது அந்தச் சம்மதத்தில்தான். தங்களுக்கும் உரிமை உண்டு என்று நினைப்பவர்கள் இன்று பூசைக்கு வருபவர்கள் மட்டுமல்ல. இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கனடாவிலோ இருக்கும் குடும்பங்களும் அந்தக் கோயிலைத் தங்கள் கோயிலாகத்தான் நினைக்கின்றன. பூட்டனார் கல் சுமந்து கட்டிய கோயில் என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆயரின் ஆணை வந்த பிறகு அவர்களுக்கு அறிவிப்பதைவிட, விண்ணப்பம் எழுத முன்னரே கூட்டம் வைத்து, வெளிநாட்டில் இருப்பவர்களின் கருத்தை எழுத்தில் வாங்கி, அதையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். பங்குத்தந்தையின் கடிதம், பங்குச் சபையின் தீர்மானம், கட்டடத்தின் அளவுப் படம், தற்போதைய நிலைபற்றிய பொறியியலாளர் அறிக்கை, என்னென்ன நிகழ்ச்சி நடக்கும், என்னென்ன ஒருபோதும் நடக்காது என்ற பட்டியல் ஆகியவையும் சேர வேண்டும். மது விருந்து, வியாபாரக் களியாட்டம், தேர்தல் கூட்டம் ஆகியவற்றுக்கு இடமில்லை என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

மன்னார், வவுனியாப் பக்கத்துப் பங்குகள் 1981 இல் உருவான மன்னார் மறைமாவட்டத்துக்குள்ளும், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ் மறைமாவட்டத்துக்குள்ளும் வருகின்றன. அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைக் கட்டடங்களுக்கு அந்தந்தச் சபையின் தலைமையகத்தில் கேட்க வேண்டும்.

கோயிலாகவே இருக்கட்டும், இடையிடையே மட்டும் நிகழ்ச்சி வைக்கலாமா?

வைக்கலாம். 1210 ஆம் இலக்கத்தின்படி, இடத்தின் புனிதத்துக்கு முரணில்லாத வேறு பயன்பாட்டை ஆயர் தனித்தனியாக அனுமதிக்க முடியும். ஆனால் கோயில்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகள் பற்றி 1987 இல் வத்திக்கான் விடுத்த கடிதம் இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது: பாடப்படுவது சமய இசையாக இருக்க வேண்டும், நுழைவு இலவசமாக இருக்க வேண்டும். இயேசுவின் பாடுகளைப் பாடும் தவக்காலப் பசாம், ஒப்பாரி, ஒளிவிழாப் பாடல்கள் இதற்குள் அடங்கிவிடும். காத்தவராயன் கூத்தும் சித்திரக் கண்காட்சியும் பணம் வாங்கும் நாடகமும் அடங்கா. ஓரிரு வருடம் இப்படி நடத்திப் பார்த்து, ஊர் உண்மையில் அந்த இடத்தைப் பயன்படுத்துகிறதா என்று தெரிந்த பிறகு முழு ஆணைக்குப் போவது நல்லது.

பீடத்தையும் சுரூபங்களையும் என்ன செய்வது?

பலருக்குத் தெரியாத ஒன்று: கோயில் உலகியல் பயன்பாட்டுக்குப் போனாலும் பீடம் தன் அர்ச்சிப்பை இழப்பதில்லை. 1238 ஆம் இலக்கம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பீடத்தை மேடையின் பின்பலகையாகவோ ஒலிக்கருவி வைக்கும் மேசையாகவோ விடக்கூடாது. பெயர்க்க முடியுமானால் புதிய கோயிலுக்குக் கொண்டுபோங்கள். சுவரோடு கட்டிய பீடமானால், அதற்கு முன்னால் கதவுள்ள மரத்தட்டி ஒன்று அடித்து மறையுங்கள். திருநாளுக்கு அந்தக் கதவைத் திறக்கலாம்.

பீடக்கல்லுக்குள் புனிதரின் திருப்பண்டம் இருக்கிறதா என்று குருவானவர் பார்க்க வேண்டும், மேசன்மார் அல்ல. நற்கருணைப் பேழை, ஞானஸ்நானத் தொட்டி, சிலுவைப்பாதைப் படங்கள், மணி ஆகிய ஒவ்வொன்றையும் படமெடுத்து, இலக்கமிட்டு, எங்கே போகிறது என்று பதிவேட்டில் எழுதி இருவர் கையொப்பமிடுங்கள். உள்ளே கல்லறை இருந்தால் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதன்மேல் மேடை போடாதீர்கள்.

மணியை மட்டும் முடிந்தால் பழைய கோபுரத்திலேயே விடுங்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் ஊர் பழகியிருக்கிறது.

தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா?

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியது என்றால் தொல்பொருள். பிந்தியது என்றாலும் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்தால் அனுமதியில்லாமல் ஒரு கல்லும் அசைக்கக்கூடாது. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டிருந்ததால் வன்னியின் கற்கோயில்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவைதான். ஆனாலும் ஊகத்தில் விடாதீர்கள். மணியில் வார்த்த ஆண்டு, பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு, அத்திவாரக் கல் மூன்றையும் பாருங்கள். சந்தேகமிருந்தால் திணைக்களத்துக்கு எழுதிப் பதில் வாங்கிக் கோவையில் வையுங்கள்.

அதைவிட அடிக்கடி மறக்கப்படுவது பிரதேச சபை. கட்டடத்தின் பயன்பாடு மாறும்போது வரைபடம் அனுமதிக்கப்பட்டு, வேலை முடிந்த பின் இணக்கச் சான்றிதழும் பெற வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் வரும் வேலைக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

காணி மறைமாவட்டத்தின் பெயரில், நடத்தப்போவது ஊர் மன்றம். எழுத்தில் என்ன வேண்டும்?

குத்தகை உறுதி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். “சுவாமி சொன்னவர், அது போதும்” என்று தொடங்கிய இடங்களில் அந்தப் பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதும் சிக்கல் வருகிறது. பத்து வருடத்துக்குக் குறைந்த குத்தகையில் கூரைக்குப் பணம் போடாதீர்கள். கூரையை ஆர் பார்ப்பது, உட்புறத்தை ஆர் பார்ப்பது, காப்புறுதி ஆர் பெயரில், பிரிந்தால் மின்விளக்கும் மேடைப் பலகையும் ஆருக்கு என்ற நான்கையும் உறுதியிலேயே எழுதுங்கள்.

வேலை தொடங்க முன் நிலத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முதலாவது, வெடிபொருள். ஊர் துப்புரவாக்கப்பட்டது என்று சொல்லப்பட்டாலும், துப்புரவாக்கிய ஆழத்துக்குக் கீழே மலசலகூடக் குழியோ வடிகாலோ தோண்டப்போகிறீர்கள் என்றால் கண்ணிவெடிச் செயற்பாட்டுப் பிராந்திய அலுவலகத்திடம் அந்தக் காணியின் பதிவைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள். இடிந்த கூரையின் கற்குவியலும் அப்படித்தான். செல் விழுந்த கட்டடத்தின் இடிபாட்டை மண்வெட்டியால் கிண்டாதீர்கள். உலோகமாக எதுவும் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, இடத்தை அடையாளமிட்டு, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வௌவால். எச்சம் உலர்ந்து தூசானால் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சணம் அதில் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, தூசு வடிக்கும் நல்ல முகக்கவசத்தோடு அள்ளி, பைகளில் கட்டுங்கள். துணிக் கவசம் இதற்குப் போதாது. குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, அந்தியில் எல்லாம் வெளியே போனதும் வலையால் வாசலை மூடலாம்.

மூன்றாவது, சுவரில் முளைத்த ஆலும் அரசும். இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். தண்டைச் சுவர் மட்டத்தில் அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி, வேர் உள்ளேயே செத்த பிறகு அந்த வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள்.

எந்த வேலை முதலில்?

கூரை, தண்ணீர் போகும் வழி, சுவர், மின்சாரம், கடைசியாக மேடை. நன்கொடையாளர்கள் மேடைக்கும் விளக்குக்கும்தான் விரும்பிப் பணம் தருவார்கள், ஏனென்றால் அதைப் படமெடுக்கலாம். கூரைத் தண்ணீரை ஏந்தி வடிக்கும் பீலிக்குப் பணம் கேட்பது கடினம். ஆனாலும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 25 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் மூடும் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றர் தண்ணீர் விழும். வாடைக் காலத்தில் அப்படிப்பட்ட நாள் புதுமையல்ல. பீலி இல்லாவிட்டால் அவ்வளவும் அத்திவாரத்தின் காலடியில் இறங்கும். ஆகவே கூரையைப் பிரிக்கும் வேலை மாசிக்குப் பிறகு தொடங்கி ஆவணிக்குள் மூடப்பட வேண்டும். ஒக்டோபரில் திறந்த கூரையோடு நின்றால், ஒரு பருவ மழையில் பத்து வருடச் சேதம் வரும்.

கூரை மரங்களான பனை வளைகளையும் சலாகைகளையும் ஒரேயடியாகக் கழற்றி எறியாதீர்கள். வைரம் ஏறிய கறுப்புப் பனை இன்று வாங்க முடியாத மரம். ஒவ்வொன்றின் முனையையும், குறிப்பாகச் சுவருக்குள் போகும் ஒரு சாண் பகுதியைக் கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி இலகுவாக இறங்கினால் அந்த முனை மட்டும்தான் பழுது. அதை அறுத்துவிட்டு, பக்கத்தில் புதுத்துண்டு வைத்து ஆணிப்பூட்டுப் போடலாம். ஓட்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளுங்கள், மந்தமாக ஒலித்தால் வெடிப்பு.

ஓட்டுக்குப் பதில் தகரம் போடலாமா என்று எப்போதும் கேட்கிறார்கள். மலிவுதான். ஆனால் மழையில் உள்ளே ஒரு வசனமும் கேட்காது, பகலில் அனல் இறங்கும், பாரம் குறைந்ததால் காற்றும் எளிதில் கிளப்பும். 2020 டிசெம்பரில் வந்த புரெவி போன்ற புயலை நினைத்து, எந்தக் கூரையானாலும் சுவர்த்தலை மரத்தை 1.2 மீற்றருக்கு ஒன்றாக நாகமுலாம் இட்ட இரும்புப் பட்டியால் சுவருக்குள் குறைந்தது 60 சென்ரிமீற்றர் கீழே இழுத்துக் கட்டுங்கள். ஏற்கெனவே அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுத்தகடாக இறக்க வேண்டும்.

கூரையே இல்லாமல் பல வருடம் நின்ற சுவர்களை நம்பலாமா?

பொறியியலாளர் பார்க்க வேண்டும். ஆனால் கூரை போனது என்பதற்காகக் கைவிட வேண்டாம். லண்டனில் தூய லூக்கா தேவாலயம் நிலம் இறங்கியதால் 1959 இல் மூடப்பட்டு, கூரையும் கழற்றப்பட்டு, ஏறக்குறைய நாற்பது வருடம் வெறும் சுவராக நின்றது. 2003 இல் இசைக்குழு ஒன்றின் ஒத்திகைக்கும் இசைக் கல்விக்குமான மண்டபமாகத் திறந்தார்கள். பழைய சுவரின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றாமல், உள்ளே புதிய உருக்குத் தூண்களில் கூரையைத் தாங்கவைத்தார்கள். வன்னியில் அதே முறையைச் சிறிய அளவில் செய்யலாம்: பழைய சுவருக்கு உட்புறமாக, தனி அத்திவாரத்தில் இரும்புத் தூண்கள். அதுவரை செய்யவேண்டியது சுவரின் தலையை மூடுவது. தளர்ந்த கல்லை எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தில் மீண்டும் படிய வைத்து, இரு பக்கமும் தண்ணீர் வழியும்படி முதுகு போட்டால் அடுத்த மாரியைத் தாண்டும்.

சுவருக்கு ஏன் சீமெந்து பூசக்கூடாது? உறுதியாக இருக்குமே?

அந்த உறுதிதான் கேடு. பழைய சுவர் செங்கல்லாலோ முருகைக்கல்லாலோ சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நிலத்திலிருந்து ஈரம் ஏறும், சுவர் முகத்தால் ஆவியாகி வெளியேறும். சீமெந்துப் பூச்சு அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் மேலே மேலே ஏறுகிறது, கூடவே உப்பும். இரண்டு மூன்று மாரிக்குப் பிறகு கிட்டப் போய்ப் பாருங்கள்: பூச்சு வெளியே வழுவழுப்பாக இருக்கும், விரல் முட்டியால் தட்டினால் உள்ளே பொள்ளென்று கேட்கும். ஒரு துண்டைப் பெயர்த்தால் அதன் பின்பக்கத்தில் செங்கல்லின் சிவந்த முகம் ஒட்டிக்கொண்டு வரும். பின்னால் இருக்கும் கல் நகத்தால் சுரண்ட மாவாக உதிரும்.

ஏற்கெனவே சீமெந்து பூசியிருந்தால், சிற்றுளியால் கையால் எடுக்க வேண்டும். உடைக்கும் இயந்திரம் வேண்டாம். கல்லின் முகம் சேர்ந்து வருகிறதென்றால் நிறுத்திவிட்டு, நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்கு மட்டும் எடுத்துச் சுவரை மூச்சுவிட வையுங்கள். வெளியே சுவரோரம் போட்ட சீமெந்துத் தளத்தையும் உடைத்து, நிலம் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி ஆக்குங்கள். ஒரு அங்குலச் சுவர் உலர ஒரு மாதம் என்பது அனுபவக் கணக்கு. 18 அங்குலச் சுவருக்கு ஒன்றரை வருடம். அவசரப்பட்டு நிறம் பூசினால் அது கொப்பளித்துப் போகும். வெள்ளையாகப் பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும்.

புதிய பூச்சுக்கு: நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்க வைத்துக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் ஊறவிடுங்கள். நீற்றும்போது கொதிக்கும், ஆகவே கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் ஒருவரும் கிட்டப் போகக்கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். ஈரம் கூடிய அடிப்பகுதிக்கு அரைப்பங்கு செங்கல் தூளும் சேர்க்கலாம். கடல் மணல் கூடாது, அதன் உப்பு பூச்சைத் தின்றுவிடும். முதல் பூச்சு 12 மில்லிமீற்றர், இரண்டாவது 10, மேற்பூச்சு 3. ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு கிழமை.

எங்கே பிழைக்கிறது? சோளகம் அடிக்கும் மாதங்களில் பூசும்போது. காய்ந்த காற்று ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்ச, பூச்சு முழுவதும் சிலந்திவலை போல வெடிக்கும். வெளிச்சுவரானால் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு நாளுக்கு மூன்று முறை தெளித்து, ஐந்தாறு நாள் காக்க வேண்டும். இதற்குப் பழகிய மேசன் இப்போது அருமை. கிடைத்தால் ஊர் இளைஞர் நான்கு பேரை அவரோடு வேலைக்கு விடுங்கள், ஏனென்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திருத்த ஆள் வேண்டும்.

சன்னம் பட்ட இடங்களை மூடிவிடவா?

எல்லாவற்றையும் மூடவும் வேண்டாம், எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்கவும் வேண்டாம். தண்ணீர் இறங்கும் துளைகளையும் பாரம் தாங்கும் வளைவிலும் தூணிலும் உள்ளவற்றையும் சாந்து நிரப்பியே ஆக வேண்டும். மற்றவற்றை என்ன செய்வது என்பதை அந்தக் கோயிலுக்குள் அடைக்கலம் இருந்தவர்கள் சொல்லட்டும். சிலருக்கு அந்தத் தடம் இருக்க வேண்டும். சிலரால் அதற்குக் கீழே உட்கார்ந்து கூத்துப் பார்க்க முடியாது. வெளிச்சுவரில் ஒரு பகுதியை மட்டும் விட்டு, ஓரத்து உதிர்வை மெல்லிய சுண்ணாம்புப் பாலால் இறுக்கி, உட்சுவரைப் பூசுவது இருவருக்கும் இடமளிக்கும்.

உள்ளே பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எதிரொலியை எப்படிக் குறைப்பது?

கணக்காகவே செய்யலாம். எதிரொலி அடங்கும் நேரம் (வினாடி) = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். 24 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சராசரி 7 மீற்றர் உயரம், பலகை அடித்த கூரை, பூசிய சுவர், சீமெந்துத் தரை உள்ள கோயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,512 கனமீற்றர். வெறும் மண்டபம், கதவுகளும் சாளரங்களும் பூட்டியபடி என்றால் உறிஞ்சல் 43 சதுரமீற்றர் அளவுதான், நேரம் ஏறக்குறைய 5.7 வினாடி. ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்கியும் முதலாவது அடங்காது.

40 சதுரமீற்றர் கதவு, சாளரங்களைத் திறந்தாலே 3 வினாடிக்கு இறங்கும், திறந்த வாசலால் போன ஒலி திரும்பி வராது என்பதால். 150 பேர் வந்து உட்கார்ந்தால் 1.6. இன்னும் 100 சதுரமீற்றர் கனத்த பருத்தித் திரையைப் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் தொங்கவிட்டால் 1.2 வினாடி. நாடக வசனத்துக்கு 1 வினாடியை அண்டினால் நல்லது, பாட்டுக்கு 1.5 வரை இருக்கலாம். திரையை வளையத்தில் ஓடவிட்டால் பாடகர் குழு பாடும் நாளில் ஒதுக்கிவிடலாம். சுவரை மூடும் அகலத்தின் இரு மடங்கு துணி எடுத்துச் சுருக்கிக் கட்டுங்கள். இழுத்துக் கட்டிய ஒற்றைத் துணி பெரிதாக ஒன்றும் செய்யாது. முட்டை மட்டைகளை ஒட்டுவது பேச்சொலிக்குப் பயனில்லை, தீப்பிடிக்கும் ஆபத்து மட்டும் மிச்சம்.

தரைக்குப் பளபளப்பான மாபிள் பதிக்கச் சொல்லி ஆரேனும் பணம் தந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஒலி மோசமாகும், ஆடுபவர் கால் வழுக்கும், தரையின் ஈரம் முழுவதும் சுவருக்குத் தள்ளப்படும்.

மேடை எங்கே? கூத்துக்கு எப்படி?

பீடம் இருந்த இடத்தில்தான் மேடை என்று எல்லோரும் தொடங்குவார்கள். அது அவ்வளவு நல்ல இடமல்ல. பின்வரிசை 20 மீற்றர் தள்ளி இருக்கும், முகபாவம் தெரியாது. மன்னார்ப் பக்கத்து வடபாங்கு, தென்பாங்குக் கூத்துகளுக்கும் வாசாப்பு என்ற கத்தோலிக்க நாடகத்துக்கும் ஒருபக்கம் பார்க்கும் மேடை பொருந்தும். சுற்றிவரப் பார்வையாளர் இருக்கும் வட்டக்களரியில் ஆடும் கூத்துக்கு நடுமண்டபம்தான் களரி. 9 மீற்றர் அகலத்தில் 5 மீற்றர் வட்டம் ஆட்டத்துக்கு விட்டால் இரு பக்கமும் இரண்டு மீற்றர் எஞ்சும், இரண்டு வரிசை பாயில் இருக்கலாம். மீதிப்பேர் நீளப்பக்கத்தில். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் களரி ஓரத்தில் ஆடுபவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டுக்கும் உதவ, கழற்றும் மேடை செய்யுங்கள். 8 அடிக்கு 4 அடி, 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை எட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மரச்சட்டம், 60 சென்ரிமீற்றர் கால்கள். சேர்த்தால் 16 அடிச் சதுரம். சட்டங்களை ஒன்றோடொன்று ஆணிமரையால் பூட்டாவிட்டால் மிதித்து ஆடும்போது இடைவெளி விரிந்து கால் அகப்படும். பழைய சுவரிலோ தூணிலோ ஒரு ஆணியும் அடிக்காதீர்கள். விளக்குக்குத் தனியே நிற்கும் இரும்புச் சட்டகம் போடுங்கள். பாடகர் மாடத்தில் பார்வையாளரை ஏற்றுவது பொறியியலாளர் சதுரமீற்றருக்கு 500 கிலோ தாங்கும் என்று எழுதித் தந்த பிறகுதான்.

மின்சாரம் எவ்வளவு வேண்டும்?

150 வாற்று எல்ஈடி மேடை விளக்கு 16 என்றால் 2.4 கிலோவாற்று. ஒலி 2, விசிறி பன்னிரண்டு 0.9, கேத்தலும் மற்றதும் 2. மொத்தம் 7.3 கிலோவாற்று, 230 வோல்ற்றில் ஏறக்குறைய 32 அம்பியர். வீட்டுக்கு வரும் 30 அம்பியர் ஒற்றை முனை இணைப்பு நிகழ்ச்சி நடுவில் விழும். மும்முனை 30 அம்பியர் கேளுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே அறுக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், மணிக்கோபுரத்துக்கு இடிதாங்கி இரண்டும் கட்டாயம். கம்பிகளைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் குழாயில் வெளியே ஓடவிடுங்கள்.

கதவு, சாய்வுப் பாதை, மலசலகூடம்?

கோயில் கதவுகள் பெரும்பாலும் உட்பக்கம் திறப்பவை. கூட்டம் நெருக்கி ஓடும்போது அவை திறவா. பழைய கதவை மாற்றத் தேவையில்லை: நிகழ்ச்சி நேரம் முழுவதும் சுவரோடு கொழுவியால் பூட்டித் திறந்தே வைத்து, அதற்கென ஒருவரை நிறுத்துங்கள். எதிரெதிராக இரண்டு வெளிவாசலாவது வேண்டும்.

சாய்வுப் பாதை 1:12. வாசற்படி 45 சென்ரிமீற்றர் உயரமானால் 5.4 மீற்றர் நீளம். 2006 இன் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் இதைக் கேட்கின்றன. போரில் காலிழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில் விதி கேட்காவிட்டாலும் போட வேண்டியது. அதைப் பக்கவாசலுக்கு ஒளித்துவைக்காமல் முன்வாசலுக்கே கொண்டுவாருங்கள். 150 பேருக்குப் பெண்களுக்கு மூன்று மலசலகூடம், ஆண்களுக்கு ஒன்றும் இரண்டு சிறுநீர் இருப்பிடமும், சக்கரநாற்காலி நுழையும் ஒன்று. குழி கிணற்றிலிருந்து 60 அடிக்குக் கிட்ட வரக்கூடாது.

விடிய விடியக் கூத்து நடத்தலாமா?

நடத்தலாம், ஒலிபெருக்கி இல்லாமல். 2007 இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதியில்லை. மற்ற நேரத்துக்கும் பொலிசின் அனுமதி வேண்டும். எதிரொலியைச் சரிசெய்த மண்டபத்தில் பழகிய தொண்டை கடைசி வரிசைக்குக் கேட்கும். மேடை நாடகம் என்றால் பிரதியை முன்கூட்டிப் பார்த்து அனுமதிக்கும் அரச சபைக்கு நேரத்தோடு அனுப்புங்கள். நுழைவுச்சீட்டு விற்றால் பிரதேச சபையின் களியாட்ட வரியையும் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர் இந்தக் கடிதப் போக்குவரத்தில் நல்ல துணை.

சைவ ஊரவர்கள் வருவார்களா? ஆர் நடத்துவது?

அவர்களைக் குழுவில் சேர்த்தால் வருவார்கள், அழைப்பிதழ் மட்டும் அனுப்பினால் வரமாட்டார்கள். பதினொரு பேர் குழுவில் பங்கிலிருந்து நால்வர், அயல் ஊர் மன்றங்களிலிருந்து மூவர், அண்ணாவிமார் இருவர், ஆசிரியர் ஒருவர், இளைஞர் ஒருவர், இவர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்று பிரித்தால் எந்தத் தரப்பும் தனியே தீர்மானிக்க முடியாது. மத்தளத்துக்கும் உடுக்குக்கும் திறக்கும் கதவு பறைக்கும் அதே மரியாதையோடு திறக்க வேண்டும். அதைக் குழுவின் யாப்பிலேயே எழுதுங்கள். கூட்டத்தில் சொல்வதற்குத் தயங்குவார்கள், எழுதியிருந்தால் ஒருவரும் மறுக்க முடியாது. 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இந்த மண்ணில் சமய எல்லை தாண்டிக் கலைஞர்களைச் சேர்த்த முன்மாதிரி.

தவக்காலத்தில் பாஸ் என்ற திருப்பாடுகளின் நாடக ஒத்திகைக்கும், திருநாளுக்கும், நவம்பர் 2 இல் இறந்தோர் நினைவுக்கும் பங்குக்கு முதல் உரிமை என்று வருட நாட்காட்டியில் முன்பே குறித்துவிடுங்கள்.

திறந்த பிறகு வருடாவருடம் என்ன வேலை?

ஆவணி கடைசியில் பீலியும் வடிகாலும் துப்புரவு, நகர்ந்த ஓடு சரிசெய்தல். மாரி நடுவில் ஒருநாள் பெரும் மழையில் குடையோடு போய்க் கட்டடத்தைச் சுற்றி நடந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துப் படத்தில் குறியுங்கள், காய்ந்த நாளில் அது தெரியாது. தை கழிந்ததும் கறையான் புற்று, வளை முனைகள், பூச்சின் வெடிப்பு. வைகாசியில் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, புவித்தொடுப்பை மின்னியலாளர் அளந்து எழுத வேண்டும். மண்டப வாடகையில் வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பதைக் கூரைக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து எடுக்க மூன்று கையொப்பம் வேண்டும்.